தனியே போகையில் வயிறு கலங்கினால்

பஞ்சர், பேட்டரி, பிரேக் மூன்றுக்கும் முந்தைய அத்தியாயங்களில் விரிவாகவே இடம் கொடுத்தாயிற்று. வண்டிக்கு என்னென்ன வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓட்டுகிறவரின் வயிற்றுக்கு வருவதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் தனியே ஓட்டிப் பழகியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். இரண்டாவது டீ வருவதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கதைக்கு வந்துவிடுவார்கள். கூட்டமாகப் போகும்போது வயிறு கலங்கினால் வண்டியை ஓரங்கட்ட ஒருவர், தண்ணீர் பிடித்துத் தர ஒருவர், கடைக்காரரிடம் பேச ஒருவர் என்று ஆள் இருக்கும். தனியே போகிறவருக்கு அந்த வேலை அத்தனையும் அவருடையதே. இந்த அத்தியாயம் அவருக்காக.

என் தோழி ஒருவர் சென்னையிலிருந்து மதுரைக்குத் தனியே காரில் போனார். சித்திரை மாதம். காலையிலேயே வயிறு சரியில்லை. வழியில் கழிப்பறை தேடி நிற்க வேண்டியிருக்குமே என்று திண்டிவனம் தாண்டியதிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். திருச்சியைக் கடந்ததும் வயிறு முறுக்கியது. விராலிமலைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஆண்கள் கூட்டமாக நின்றதால் உள்ளே திருப்பவில்லை. அடுத்து ஒரு டீக்கடை. கல்லாவில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தார். அவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று கூசினார். துவரங்குறிச்சிக்கு முன்பாக, ஓடும் வண்டியிலேயே அடக்க முடியாமல் போய்விட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். யாராவது பார்த்துவிடுவார்களே என்று கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், மேலூர் வழியாக மதுரை வரை ஓட்டினார். லாட்ஜில் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

வயிற்றுப்போக்கு சாதாரணமானதுதான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அவரைப் படுக்கவைத்தது கூச்சம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கண் இருட்டிக்கொண்டு வரும் நிலையில் அத்தனை தூரம் ஓட்டிய வண்டி எதிலும் மோதாமல் போய்ச் சேர்ந்தது பெரிய அதிர்ஷ்டம். கீழே சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டியே வருகிறது: முதல் முறுக்கலிலேயே நிறுத்துங்கள், வாய்விட்டுக் கேளுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

புறப்படும் முன்

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் போக்குவரத்து குறைவு என்பது உண்மை. வழக்கமாக ஆறரைக்குக் காலைக்கடன் கழிக்கும் உடம்புக்கு அந்த நான்கு மணி தெரியாது என்பதும் உண்மை. சாப்பிட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயல்பான ஓர் அனிச்சைச் செயல். காபி அதைத் தூண்டிவிடும். ஆக, நான்கு மணிக்கு வயிற்றை ஒழிக்காமல் கிளம்பி, ஆறரைக்கு வழியில் நின்று இட்லியும் டிகாஷன் காபியும் சாப்பிட்டு, ஏழு மணிக்கு வெட்டவெளி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பது ஏறக்குறைய நிச்சயம். சிற்றுண்டி முடித்ததும் வண்டியை எடுக்காமல் இருபது நிமிடம் அங்கேயே இருங்கள். டயரில் காற்று பாருங்கள், வீட்டுக்குப் போன் செய்யுங்கள். வருவது கழிப்பறை இருக்கும் இடத்திலேயே வரட்டும்.

முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பது அதைவிட முக்கியம். வழியில் வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். சமைத்த சோற்றை வெளியில் வைத்திருந்தால் அதில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, சாப்பிட்டு 6 முதல் 15 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுப்போக்கைத் தருகிறது. இரவு பத்து மணி பிரியாணியின் விளைவு காலை எட்டு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டையில் தெரியலாம். இதே பாக்டீரியாவின் இன்னொரு வகை உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. அதனால் தட்டில் ஆவி பறப்பதை மட்டும் வைத்து ஓர் உணவை நம்பிவிடக் கூடாது. பயணத்துக்கு முந்தைய இரவு வீட்டுச் சாப்பாடு போதும். வழியில், அப்போதுதான் கொப்பரையிலிருந்து இறக்கிய இட்லியைப் போல நம்பகமானது வேறில்லை. ஆனால் காலையில் அரைத்து வெயிலில் நிற்கும் தேங்காய்ச் சட்னியைத் தொடாதீர்கள். பொடியும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்னி இல்லாமல் இட்லியா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. வீட்டில் சாப்பிடும்போது அவர்கள் சொல்வது சரி.

ஒரு பை, முன் சீட்டுக்குக் கீழே

டிக்கியில் வைக்காதீர்கள். அவசரத்தில் இறங்கிப் பின்பக்கம் போய்த் திறந்து தேட முடியாது. கை எட்டும் இடத்தில் ஒரு துணிப்பை இருக்கட்டும். அதில் ஒரு கைலி அல்லது நைட்டி, ஒரு செட் உள்ளாடை, ஓர் ஈரிழைத் துண்டு, சின்ன சோப்பு, பிளாஸ்டிக் மக், இரண்டு செய்தித்தாள், கட்டிப் போட நான்கைந்து கனமான பிளாஸ்டிக் கவர், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். குடிக்கும் தண்ணீர் தவிர, கழுவுவதற்கென்று இரண்டு லிட்டர் தண்ணீர் தனியே.

கைலியையும் நைட்டியையும் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கார் சீட்டில் உட்கார்ந்தபடி பேண்ட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எவ்வளவு கடினம் என்று ஒரு முறை வீட்டு வாசலில் முயன்று பாருங்கள். நைட்டியைத் தலைவழியாக மேலே போட்டுக்கொண்டால் அதற்குள்ளேயே எல்லாவற்றையும் கழற்றி மாற்றிவிடலாம். கைலியும் அப்படியே. திறந்த வெளியில் நின்றும் மானம் போகாமல் உடை மாற்ற முடியும். குளத்தங்கரையில் நம் வீட்டுப் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்ததுதான் இது. பைக்கில் போகிறவர்களுக்குக் கைலி இன்னும் அவசியம். மறந்துவிட்டாலும் கவலையில்லை, எந்தச் சின்ன ஊர்க் கடைவீதியிலும் கைலியும் நைட்டியும் கிடைக்கும். சட்டையைக் கழற்றி இடுப்பில் பின்பக்கம் தொங்கக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பெண்கள் இதே பையில் நாப்கினும் வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதால், மாதவிடாய் நாளில் கறை படிந்தது இறங்கும்போதுதான் தெரியும். கடும் நிறத் துண்டு ஒன்றைச் சீட்டில் விரித்து உட்கார்ந்தால் பாதிக் கவலை தீரும்.

கேட்பது

அடக்குவதால் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சிறுநீரை முடிந்த மட்டும் அடக்கிக்கொள்ளச் செய்து கவனத்தையும் நினைவையும் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. விபத்து வாய்ப்பைக் கூட்டுவதாக ஏற்கெனவே தெரிந்திருக்கும் நிலைமைகளில் எந்த அளவுக்கு மூளை மந்தப்படுமோ, அதற்குக் குறையாமல் அப்போதும் மந்தப்பட்டது. இதற்கு 2011-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்குத் தரப்படுவது என்றாலும், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளுக்கு நடுவே போகிறவர் இந்த முடிவைச் சிரித்துத் தள்ளக் கூடாது.

உந்துதல் அலையலையாக வரும். ஒரு முறை வந்து அடங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். அந்த அமைதியை நம்பித்தான் பலர் அடுத்த பங்க்கையும் தாண்டிப் போகிறார்கள். அது நிறுத்துவதற்குக் கிடைத்த அவகாசம். அடுத்த அலை முந்தையதைவிட வலுவாக வரும்.

எங்கே நிறுத்துவது? பெட்ரோல் பங்க் முதல் இடம், எரிபொருள் போடாமலே கேட்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி இருந்தால் அதன் பக்கத்தில் கழிப்பறை இருக்கும். ஊருக்குள் திரும்பினால் ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி, வாசலில் யாரும் உங்களைத் தடுத்துக் காரணம் கேட்பதில்லை. பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறை, ரயில் நிலையம், கல்யாண மண்டபம் இவையெல்லாம் பலர் யோசிக்காத இடங்கள். முகூர்த்தம் இல்லாத நாளிலும் மண்டபத்தில் ஒரு காவல்காரர் இருப்பார். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சாலையோரத் தேவாலயங்களிலும் கேட்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் வீடு. ஆம், முன்பின் தெரியாத வீடு. தண்ணீர் என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத ஊர்கள் நம்முடையவை. இதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். ஒரு டீ வாங்கி, பிஸ்கட் வாங்கி, சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்கும் அளவுக்கு நேரம் இருக்காது. நேராகப் போய், "அண்ணே, வயிறு சரியில்லண்ணே, அவசரம். பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். பெண்கள் இருந்தால், "அக்கா, வயித்தால போகுதுக்கா" என்றால் போதும். 'வயிறு சரியில்லை' என்பதை முதலில் சொல்வது முக்கியம். அதைக் கேட்டதும் கல்லாவில் இருப்பவரின் முகமே மாறிவிடும். "உள்ள போம்மா, வாளியில தண்ணி இருக்கு" என்பார். திரும்பி வரும்போது கேட்காமலே உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கலந்து வைத்திருப்பவர்களும் உண்டு. என் தோழி தாண்டிப் போன அந்தப் பெரியவரும் அப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒரு நாடும் அதன் நெடுஞ்சாலைகளும் பெண்களை இப்படித் தண்ணீர் குடிக்கவே பயப்பட வைத்திருப்பது பெரிய அநீதி. சுத்தமான, தாழ்ப்பாள் விழும், தண்ணீர் வரும் கழிப்பறை கேட்பது சலுகை கேட்பதாகாது. தேசிய நெடுஞ்சாலையில் மோசமான கழிப்பறையைக் கண்டால் 1033 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். வண்டி நின்றுபோனாலும் விபத்தானாலும் இதே எண்தான்.

எதுவும் இல்லாத இடத்தில்

சில சாலைகளில் நிறுத்துவதே ஆபத்து. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் அப்படிப்பட்டது. சரிவில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதிய விபத்துகள் அங்கே எத்தனையோ. வயிறு லேசாக முணுமுணுத்தாலும் தர்மபுரியிலேயே பார்த்துவிட்டு இறங்குங்கள். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளும் புலிகள் காப்பகத்துக்குள் போகின்றன. யானையும் சிறுத்தையும் நடமாடும் அந்தக் காட்டில் இறங்கிப் புதருக்குள் போகக் கூடாது. அடிவாரத்திலேயே வேலையை முடித்துவிட்டு ஏறுங்கள்.

மற்ற இடங்களில் வேறு வழியே இல்லையென்றால் இடது ஓரம் முழுக்க ஒதுக்கி நிறுத்துங்கள். அதைவிட நல்லது, கிளைச் சாலை ஒன்றில் திரும்பிவிடுவது. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்குங்கள். வண்டியின் மறைவில், அதன் பின்னாலேயே உட்காருவது பலருக்கு வரும் யோசனை. நின்ற வண்டியின் மேல் இன்னொன்று மோதினால் நடுவில் சிக்குவது நீங்கள். சாலையைவிட்டுத் தள்ளிப் போங்கள். காலடி பார்த்து நடங்கள், தரையைத் தட்டிக்கொண்டே போங்கள், பாலத்துக்கு அடியில் இறங்காதீர்கள். ஏரி, வாய்க்கால், கிணறு இவற்றிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிடுங்கள். அந்தத் தண்ணீரை யாரோ குடிக்கிறார்கள்.

அதற்குள் நடந்துவிட்டால்

முதலில் மூச்சுவிடுங்கள். நடந்தது நடந்துவிட்டது, இனி அவசரமே இல்லை. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கவரை விரித்து, உடை மாற்றி, அழுக்குத் துணியை இரண்டு கவருக்குள் கட்டி வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஓ.ஆர்.எஸ். கலந்து மெதுவாகக் குடியுங்கள்.

இந்தப் பொட்டலத்தை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலை. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது. அவர் மறைந்த பிறகு, 2023-இல், பத்ம விபூஷண் அறிவித்தார்கள். வயிற்றுப்போக்கின்போதும் குடல் குளுக்கோஸோடு சேர்த்து உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், உப்போடு தண்ணீரும் போகும். இதுதான் அதன் செயல்முறை. உப்பும் சர்க்கரையும் குறிப்பிட்ட அளவில் இருந்தால்தான் இது நடக்கும்.

ஆகவே பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கலக்குங்கள், 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு, ஒரு லிட்டருக்கானதும் உண்டு. பழரச டப்பாக்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டு விற்றதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடை செய்தது. மருந்துக் கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளராவது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

போக்கை நிறுத்தும் லோபெரமைட் மாத்திரையைப் பற்றிப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. மலைப்பாதையில் வாந்திக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வருபவருக்கு அது சரி. தனியே ஓட்டுகிறவர் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் பயணம் அன்றைக்கு அவ்வளவுதான். அருகில் இருக்கும் ஊரில் கழிப்பறை சேர்ந்த அறை எடுத்துப் படுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்கு நிஜக் காரணத்தோடு சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே வராதது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். ஓட்ட முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சீட்டைச் சுத்தம் செய்வது

வெந்நீர் ஊற்றாதீர்கள், கறை பிடித்துக்கொள்ளும். ரத்தக் கறைக்கும் இதேதான். செய்தித்தாளால் வழித்தெடுத்து, பச்சைத் தண்ணீரில் சோப்பு கலந்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு உதறினால் நாற்றம் பெருமளவு போய்விடும். சீட் பெல்ட்டில் பட்டிருந்தால் வெறும் சோப்புத் தண்ணீர் மட்டும். பிளீச்சிங் பவுடர் அதன் நாரைப் பலவீனமாக்கிவிடும்.

வாட்டர் வாஷ் கடையில் விடுவதானால், என்ன நடந்தது என்று அங்கே இருக்கும் தம்பியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "காபி கொட்டிடுச்சு" என்று சொன்னால் அவர் வெறுங்கையால் துடைப்பார். "தம்பி, வயிறு சரியில்லாம வண்டியிலயே ஆயிடுச்சு, கையுறை போட்டுக்கப்பா" என்று சொல்லி, கூலிக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். கையுறை இல்லையென்றால் மருந்துக் கடையில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை விடுங்கள்.